வெயிலை விட்டுக்கொடுக்காதவள்

எங்கள் தெருவில் அவளைக் கரிவிரல் என்றுதான் சொல்வோம். வெள்ளி உப்புக் கரைசல் பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் கறுத்துக் கிடக்கும். எந்தச் சோப்புக்கும் போகாத கறை. முதலில் அது முதுகுக்குப் பின்னால் சொன்ன பெயர்தான். காதில் விழுந்த அன்றைக்கே ஒரு பலகையில் பெரிதாக எழுதி மாடிப்படி வாசலில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள்: 'கரிவிரல். உப்புப் படங்கள். வெயில் உள்ள நாட்களில் மட்டும்.' அதற்குப் பிறகு அந்தப் பெயரை வைத்துக் கேலி செய்ய யாருக்கும் ருசியில்லாமல் போயிற்று.

முன்பு அவள் கடைத்தெரு ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்த்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படங்களைச் சரிசெய்து கொடுக்க வேண்டும். பருவை அழிப்பது, தழும்பை மறைப்பது, கலைந்த முடியைப் படிய வைப்பது எல்லாம் போக, எந்த முகமாக இருந்தாலும் கொஞ்சம் வெளுக்க வேண்டும். முதலாளி அதைத் 'தூக்குறது' என்பார். "மூஞ்சியக் கொஞ்சம் தூக்கிவிடும்மா" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். இவளும் வருடக்கணக்கில் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். அவளே நல்ல கறுப்பு. வேலைக்குச் சேரக் கொடுத்த அவளுடைய படத்தையும் யாரோ தூக்கித்தான் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூட அட்டைக்காகப் படம் எடுத்துக்கொண்ட ஒரு சிறுமி, கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு உள்ளறைக்கே வந்து நின்றாள். "அக்கா, என் படத்தக் குடுக்கல. வேற யாரோடதோ மாத்திக் குடுத்துட்டாங்க" என்றாள். அம்மாக்காரி சிரித்துக்கொண்டே, அது நீதான்டி என்று இழுத்துக்கொண்டு போனாள். சிறுமி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அன்று மத்தியானம் கரிவிரல் முதலாளியிடம் போய், இனிமேல் யார் முகத்தையும் தூக்க மாட்டேன் என்றாள். கஸ்டமர் கேட்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார் அவர்.

"அந்தப் பொண்ணு கேக்கலையே" என்றாள் இவள்.

அதற்குமேல் பேச்சு தடித்தது. மதியச் சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள்தான். பிறகு அந்தப் படியில் கால் வைக்கவில்லை.

அவள் இருந்தது அப்பா விட்டுப்போன வீட்டில். கீழே அண்ணனும் அண்ணியும், மேலே இவள். அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். பகலெல்லாம் ஹாரனோடு மல்லுக்கட்டுவதால் வீட்டிலும் குரல் பெரிதாகத்தான் வரும். "ஊரான் மூஞ்சி வெளுத்தா உனக்கென்ன, கறுத்தா உனக்கென்ன? வேலையத் தூக்கிப் போட்டுட்டு வந்து நிக்கிறா" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். இவள் பாட்டுக்கு மாடி ஏறிப் போய்விட்டாள். அவருக்குப் பதில் சொல்லாமல் இருந்தால்தான் அதிகமாக எரியும் என்பது தங்கைக்குத் தெரியாதா என்ன.

உப்புப் படம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. நூலகத்தில் பழைய புகைப்பட முறைகளைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. அதைப் பார்த்துப் பார்த்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டாள். காகிதத்தை உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பாள். மங்கல் பல்பு வெளிச்சத்தில் அதன்மேல் வெள்ளி உப்புக் கரைசலைத் தூரிகையால் பூசுவாள். அது உலர்ந்ததும் நெகட்டிவை மேலே வைத்து, கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி, மொட்டை மாடி வெயிலில் கிடத்துவாள். வேறு எந்த மருந்தும் இல்லாமல் வெளிச்சம் பட்டே படம் கறுத்துக் கறுத்து எழுந்து வரும். பிறகு கழுவி, படம் நிலைக்க ஒரு மருந்தில் முக்கி, மறுபடி கழுவிக் கொடியில் தொங்கவிட வேண்டியதுதான்.

சொல்ல எளிது. ஆனால் ஒரே நெகட்டிவ், ஒரே காகிதம், ஒரே உப்பு என்று எல்லாம் ஒன்றாக இருந்தும் படம் ஒன்றுபோல வரவில்லை. மேகம் மூடிய நாளில் போட்டால் மணிக்கணக்கில் இழுத்தது. கடைசியில் சாம்பல் பூத்த நிறத்தில், இருட்டு ஒரு பக்கம் வெளிச்சம் ஒரு பக்கம் என்று வெட்டினாற்போல வந்தது. ஜன்னலுக்கு உள்ளே வைத்தால் சோகை பிடித்த மாதிரி வந்தது. பளீரென்ற நேர் வெயிலில் மட்டும் கத்தரிப்பூ நிறம் லேசாக ஓடும் ஆழ்ந்த பழுப்பு வந்தது. அந்த நிறத்தில் எடுத்த முதல் முகம் அவளுடையதே. ஈரம் சொட்டச் சொட்டக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டை மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தெட்டு வயதில்தான் தன் முகத்தைத் தன் நிறத்தில் முதன்முதலாகக் காகிதத்தில் பார்த்தாள்.

அப்போது முடிவு செய்துகொண்டாள், இந்த நிறத்தைத் தவிர வேறு நிறத்தில் ஒரு முகமும் தன் கையை விட்டுப் போகக்கூடாது என்று.

ஆட்கள் மெதுவாக வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தது அடுத்த தெரு நர்ஸ். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் இருப்பவர், கறுப்பும் கம்பீரமுமாக இருப்பார். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "என் மூக்குக்குப் பக்கத்துல இவ்வளவு நிழல் இருக்கும்னு எனக்கே தெரியாது. இத்தன நாள் எல்லாரும் அழிச்சுல்ல குடுத்திருக்காங்க" என்றார். அவர் சொல்லி இன்னும் சிலர் வந்தார்கள். மழைக்காலத்தில் வந்தவர்களை, வெயில் வரட்டும் என்று திருப்பி அனுப்பினாள். அவசரப்பட்டவர்களுக்கு ஸ்டுடியோவுக்கு வழி சொன்னாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பக்கத்துக் கிடங்கை இடித்தார்கள். வெயில் வருகிற பக்கம் அது. பத்து மாடிக் கட்டடம் வரப்போகிறது என்று போர்டு வைத்தார்கள். போர்டில் இருந்த படத்தில் புல்வெளியெல்லாம் இருந்தது. இவள் வீடு இருந்த இடத்தில் மரம் வரைந்திருந்தார்கள்.

கட்டுகிற கம்பெனிக்கு ஒரு சிக்கல். இவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே அஸ்திவாரம் தோண்ட வேண்டும், பின்பக்கக் காலி இடத்தில் சாரம் கட்ட வேண்டும். அதற்கு அண்ணன், தங்கை இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் கட்டடத்தைத் தள்ளிக் கட்டி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு வரிசை அறையை இழக்க வேண்டும். ஒழுகுகிற சுவரையும் இடிந்த படிக்கட்டையும் புதிதாகக் கட்டிக் கொடுக்கிறோம் என்றார்கள். அண்ணன் உடனே கையெழுத்துப் போட்டுவிட்டார். மழை பெய்தால் வாளி வைத்து வைத்து அலுத்துப்போன மனிதர், அவரையும் குறை சொல்ல முடியாது.

தங்கை போடவில்லை.

கம்பெனி மேனேஜர் மேலே வந்து பார்த்தார். இஸ்திரி கலையாத சட்டையும் பணிவான பேச்சுமாக இருந்தார். என்ன ஆட்சேபணை என்று கேட்டார். வெயில் போய்விடும் என்றாள். அவர் வேறு ஏதோ பெரிய காரணத்தை எதிர்பார்த்து வந்திருந்தார் போலிருக்கிறது. முகம் தெளிந்து, "அவ்வளவுதானே? லைட் வேணும், அதானே? வாங்கிக் குடுத்துடறோம்" என்றார்.

சொன்னபடியே அடுத்த வாரம் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பனியனில் படம் அச்சடிக்கிறவர்கள் வைத்திருப்பார்களே, உள்ளே வரிசையாக ஊதா ட்யூப் லைட் பொருத்திய பெட்டி, அதுதான். மேகம், மழை, சாயங்காலம் எதையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம், சுவிட்சைப் போட்டால் வெயில் என்றார் கூட வந்தவர். அண்ணன் தானே முன்னால் நின்று அதை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கரிவிரல் அதைத் தொடாமல் மூலையில் போட்டுவிடுவாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவள் அப்படிச் செய்யவில்லை. நேர்மையாகச் சோதித்துப் பார்த்தாள். நர்ஸின் நெகட்டிவை எடுத்து, ஒரே பூச்சில் இரண்டு காகிதம் செய்து, ஒன்றை மாடி வெயிலிலும் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் வைத்தாள். இரண்டையும் ஒரே தட்டில் கழுவினாள். காய்ந்ததும் கீழே கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

வெயில் படம் வழக்கம்போல ஆழ்ந்து இருந்தது. பெட்டிப் படம் செங்கல் நிறத்தில் சிவந்து, கன்னமெல்லாம் வெளுத்து மெருகேறினாற்போல இருந்தது. அழகில்லை என்று சொல்ல முடியாது. அண்ணன் அதைத்தான் கையில் எடுத்தார்.

"இதுதான் நல்லாருக்கு. இதுல கொஞ்சம் கலரா தெரியறாங்க பாரு" என்றார்.

கலர் என்றால் வெளுப்பு என்று எப்படியோ நம் வாயில் அர்த்தம் ஆகிப்போயிருக்கிறது. அவர் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் அண்ணி நின்றிருந்தார். அண்ணியும் நல்ல கறுப்பு. கையிலிருந்த துணியை மடிப்பதை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பெட்டிக்காரர் மறுபடி வந்து பார்த்துவிட்டு, பெட்டி சூட்டில் காகிதம் ரொம்பக் காய்ந்துபோகிறது, அதனால்தான் சிவக்கிறது என்றார். அதில் உண்மை இருந்தது. காகிதத்தைக் கொஞ்சம் ஈரப்பதத்தோடு வைத்துப் போட்டுப் பார்த்தாள். சிவப்பு இறங்கியது. இரண்டு மூன்று காகிதம் மாற்றினாள், உப்பின் அளவை மாற்றினாள். நிறம் கிட்டே கிட்டே வந்தது. வேறொருத்தியாக இருந்தால் அங்கே நிறுத்திக்கொண்டு பெட்டியோடு சமாதானம் ஆகியிருப்பாள். வீட்டில் சண்டை தீரும், சுவர் ஒழுகாது, மழைநாளிலும் வேலை நடக்கும்.

மேனேஜர் வந்து கேட்டபோது அவள் ஒளிக்காமல் சொன்னாள். "கிட்ட வந்திருக்கு. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது வரல."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றார் அவர்.

"உங்களுக்குத் தெரியணும்னு நான் போடல. இதுல இருக்கறவங்களுக்குத் தெரியும்."

மேனேஜரின் பணிவு அன்றோடு தீர்ந்துபோயிற்று. மறுநாளிலிருந்து மணல் லாரி வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. இடித்த கிடங்கின் தூசி அவள் கொடியில் தொங்கும் ஈரப் படங்களில் வந்து அப்பியது. தகரத் தடுப்பு என்ற பெயரில் தேவைக்கு மேல் உயரமாக ஒன்றை எழுப்பி, மாடி வெயிலில் பாதியை இப்போதே மறைத்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் இப்படித்தான் என்று யாரும் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கரிவிரல் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். தகரத்தின் நிழல் விழாத இடம் தெருவின் எதிர்ப்புறம் ஓரமாக இருந்தது. அங்கே ஒரு முக்காலி, அதன்மேல் சட்டம், பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு அவள். வெயில் நகர நகர முக்காலியும் நகரும். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள், அண்ணனோடு வளர்ந்தவள் ஹாரனுக்கா பயப்படுவாள். யாரோ புகார் கொடுத்து ஒரு போலீஸ்காரர் வந்தார். பாதையை மறிக்கிறாய் என்றார். அவள் எழுந்து முக்காலியை இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவர் போய்விட்டு மறுநாள் வந்தார். மறுபடி இரண்டடி. மூன்றாவது முறை வந்தபோது சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தார். யாருடைய முகமோ மெல்லக் கறுத்து வந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, லாரிக்காரனைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குள்தான் நிலைமை மோசம். அண்ணன் சாப்பிடும்போதும் சண்டை, செருப்பு மாட்டும்போதும் சண்டை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேனேஜரை வீட்டுக்கே வரச்சொல்லி, அவர் முன்னாலேயே தங்கையிடம் கேட்டார். "ஒரு கலருக்காகவா இத்தனையும்? நாலு பேர் என்ன பேசறாங்க தெரியுமா? முடிவா சொல்லு, உனக்கு என்னதான் வேணும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு பெரிய சட்டம் போட்ட படம். கல்யாணப் படம். இருபது வருடமாகப் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்ற படம் அது. ஏன் மாட்டவில்லை என்று அண்ணன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அண்ணி அதை மேசைமேல் வைத்துத் தூசியைத் துடைத்தார். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மாவில் செய்து வைத்தாற்போல ஒரு பெண் நின்றிருந்தாள்.

"இது யாருன்னு சொல்லுங்க" என்றார் அண்ணனிடம்.

அண்ணன் விழித்தார்.

"எனக்கும் தெரியல. அவளுக்கும் உங்களுக்கும்தான் கல்யாணம் ஆச்சுபோல. நான் பக்கத்துல நிக்கவே இல்ல." குரலை உயர்த்தவே இல்லை. "உங்க தங்கச்சி போன மாசம் என்னைய ஒரு படம் எடுத்தா. அத நான் மாட்டப் போறேன். அவளுக்கு வெயில் வேணும்னா வேணும். இதுல விளக்கம் கேக்க ஒண்ணுமில்ல."

பஸ்ஸை எத்தனையோ நெரிசலில் ஓட்டிய மனிதர், அன்று எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, அவள் என்ன கேட்கிறாளோ அதைப் பேசுங்கள் என்றார்.

அவள் கேட்டதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கட்டாதே என்று சொல்லவில்லை. இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு யாராவது கட்டத்தான் போகிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"என் மாடி வெயில் எங்க போகுது? உங்க மாடிக்கு. நீங்க எங்க கொண்டுபோய் வெச்சாலும் நான் அங்க வர்றேன். மொட்டை மாடியில ஒரு மூலை, ஒரு சாவி, லிப்ட்ல போக வர உரிமை. நான் இருக்கறவரைக்கும். பத்திரத்துல எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன். உங்க பெட்டிய எடுத்துட்டுப் போங்க."

முடியவே முடியாது என்றார் மேனேஜர். வீடு வாங்குகிறவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வெளியாள் மேலே போவது பாதுகாப்பில்லை, இப்படி எந்த ஊரிலும் கிடையாது என்றார். சரி என்றாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள். இந்தத் தடவை குடை பிடித்தது அண்ணி.

கம்பெனிக்கு ஒவ்வொரு நாளும் வேலை நிற்பது சும்மா இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்ததில், ஒரு வரிசை அறையைவிட மொட்டை மாடி மூலை மலிவு என்று அவர்களுக்கே தோன்றியிருக்க வேண்டும். பத்திரம் வந்தது. அவள் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தாள். நடுவில் 'நிறுவனம் தேவையெனக் கருதினால் இவ்வனுமதியை ரத்து செய்யலாம்' என்று நைசாக ஒரு வரி சொருகியிருந்தார்கள். அந்த இடத்தில் நிறுத்தி, கம்பெனி வக்கீலைப் பார்த்து, "இது யாருக்குத் தேவை?" என்றாள். அந்த வரியை அவர் அடித்துவிட்ட பிறகுதான் பேனாவைத் தொட்டாள்.

கட்டடம் எழுந்தது. சொன்னபடி சுவரும் படிக்கட்டும் புதிதாக வந்தன. அவள் வீட்டு மாடியில் இப்போது வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. துணி காய்வதில்லை, தரையில் பாசி பிடித்துவிட்டது. நடந்ததை அவள் ஜெயித்த கதையாகச் சொல்லிக்கொள்வதில்லை. "என்கிட்டருந்து எடுத்ததுல கொஞ்சம் திரும்ப வாங்கியிருக்கேன், அவ்வளவுதான்" என்பாள்.

பத்தாவது மாடி வெயில் அவளுக்கு உடனே வசப்படவும் இல்லை. மேலே காற்று அடிக்கிற அடியில் காகிதம் ஒரேயடியாக உலர்ந்து, முதல் படங்கள் அந்தப் பெட்டியில் வந்ததைப்போலவே சிவந்து போயின. மேனேஜருக்குத் தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். அவள் மனம் தளரவில்லை. பூசிய காகிதத்தை ஈரத்துணி விரித்த டப்பாவில் மூடி எடுத்துப்போய், சட்டத்தில் போடுகிற நேரத்தில் மட்டும் வெளியே எடுத்தாள். தண்ணீர்த் தொட்டி மறைவில் காற்றுப் படாத இடமாகத் தேடிப் பிடித்தாள். ஒரு மழைக்காலம் முழுக்கக் கழிந்து, அடுத்த வெயிலில்தான் பழைய நிறம் வந்தது. கீழே இறங்கி வந்து முதலில் நர்ஸுக்குத்தான் போன் செய்தாள்.

குடியிருப்புச் சங்கத்தாருக்கு அவளைக் கண்டால் ஆவதில்லை. லிப்டில் தண்ணீர் சிந்துகிறது என்பார்கள், விரலைப் பார்த்தால் பயமாயிருக்கிறது என்பார்கள். பத்திரத்தின் நகலைப் பையிலேயே வைத்திருப்பாள். வாட்ச்மேன் புதிதாக மாறும்போதெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டு லிப்டில் ஏறுவாள். போன மாதம் அவளைச் சங்கக் கூட்டத்துக்கே கூப்பிட்டு, எல்லோருக்கும் சிரமமில்லாமல் காலையில் மட்டும் வந்துவிட்டுப் போகமுடியுமா என்று செக்ரட்டரி நயமாகக் கேட்டார்.

"வெயில்கிட்டயும் சொல்லிப் பாருங்க. அது காலையில மட்டும் வர்றேன்னா, நானும் காலையில மட்டும் வர்றேன்" என்றாள்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அப்படிச் சிரித்த பெண்மணி மறுநாளே தன்னைப் படம் எடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டு மாடிக்கு வந்தாராம். மேகமாக இருக்கிறது, வியாழக்கிழமை பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள்.